அல்சூரிலிருந்து சிங்கப்பூருக்கு: முதல் வெளிநாட்டுப் பயணம், நாள்வாரியாக

புறப்பட நான்கு மாதம்

பெங்களூரிலிருந்து முதல்முறை வெளிநாடு கிளம்பும் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் டிக்கெட் விலையில்தான் தொடங்குகிறது. தொடங்க வேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில். இந்தத் தொடர் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் சிங்கப்பூர் போவதாக வைத்து எழுதப்படுகிறது. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் பல வீடுகளின் கணக்கு இதுதான்.

சிங்கப்பூரில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பெரியவர்களுடையது 10 வருடம் ஓடும். பிள்ளைகளுடையது 5 வருடம்தான், அதனால் யாரும் கவனிக்காமல் காலாவதி ஆவது அதுவே. புதிதாக எடுக்கப் பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,000 ரூபாய். 8 வயதுக்கு உட்பட்டவருக்கும் 60 வயதைக் கடந்தவருக்கும் புதுப் பாஸ்போர்ட்டில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. தட்கல் என்றால் மேலே 2,000. பெங்களூரில் லால்பாக் சாலையிலும் மாரத்தஹள்ளியிலும் சேவை மையங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஷர் டி’ என்ற சம்மத உறுதிமொழிப் படிவம் வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும்.

இனி பெயர். நம் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்கப்படாது, விரித்து எழுத வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் படித்த தாத்தாவின் பள்ளிச் சான்றில் ‘ஆர். முருகேசன்’ என்று இருக்கும். பெங்களூரில் எடுத்த ஆதாரில் ‘முருகேசன் ஆர்’ என்று இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்தி, பாஸ்போர்ட்டில் வரப்போகும் விரித்த பெயரை எழுத்துக்கு எழுத்து அதில் ஏற்றிவிடுவது நல்லது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் கூடக்குறைய இருப்பதுகூட மறு சந்திப்புக்குப் போதும்.

அடுத்த முடிவு, சொந்தப் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுவதா, எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குடும்பப் பெயரை வெறுமையாக விடுவதா என்பது. புதிதாக எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை, இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். விமான நிறுவனங்களின் படிவங்கள் கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்றைக்குச் சிங்கப்பூர் மட்டும் போகிறவர் நாளைக்கு துபாய் வழியாக எங்காவது போக நேரலாம்.

ஏற்கெனவே குடும்பப் பெயர் வெறுமையாக உள்ள பாஸ்போர்ட் கையில் இருந்தால் பதற வேண்டாம். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில கடைசிப் பெயர் கட்டத்தில் மட்டும் போடச் சொல்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்து, ஆறு பேருக்கும் அதே முறையில் போடுங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். டிக்கெட்டில் மட்டும் கணவர் பெயரைப் போடுவதுதான் விமான நிலையத்தில் சிக்கலாகும்.

புறப்பட இரண்டு மாதம்

இன்று எப்போது போவது, எங்கே தங்குவது.

கர்நாடகப் பள்ளிகளுக்கு தசரா விடுமுறையும் ஏப்ரல்-மே விடுமுறையும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெரிய விடுமுறை ஜூனிலும், நவம்பர் பிற்பாதி தொடங்கி டிசம்பர் முடியவும் வரும். அந்த நாட்களில் விலங்குப் பூங்காவிலும் சென்டோசா தீவிலும் உள்ளூர்க் கூட்டமே நிறைந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் அதிகம். அதனால் தசரா விடுமுறை நன்றாகப் பொருந்துகிறது. தீபாவளிக்குச் சில வாரம் முன்பே சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் ஏற்றிவிடுவார்கள், அதையும் பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில வருடங்களில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை சிங்கப்பூர் வரை வந்துவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் கிளம்பும் வாரத்தில் காற்றுத்தர அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

தங்கும் இடத்தில்தான் இந்தப் பயணத்தின் சுகமும் கஷ்டமும் இருக்கிறது. கடற்கரைக் காட்சி உள்ள ஓட்டலைவிட லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சாதாரண ஓட்டல் மேல். சாப்பாடு ஒரு காரணம்தான், பெரிய காரணம் ரயில். அந்த நிலையத்தில் டவுன்டவுன் தடமும் வடகிழக்குத் தடமும் சந்திக்கின்றன. டவுன்டவுன் தடத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், அங்கே இறங்கினால் கார்டன்ஸ் பை த பே. எதிர்த் திசையில் மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். வடகிழக்குத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன், ஐந்தாவதும் கடைசியுமான நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், சென்டோசாவுக்கு வாசல். முழங்கால் வலி உள்ள பாட்டியோடும் தூங்கிவிழும் பிள்ளையோடும் வண்டி மாறாமல் போய்வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் நாள் சாயங்காலமே புரியும்.

வீடு வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசிப்பார்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. இணையத்தில் மலிவாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். ஓட்டலில் ‘இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர்’ என்பதற்கு எத்தனை வயது வரை சிறுவர், கூடுதல் கட்டில் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு இரண்டு அறை வேண்டும், இணைக்கும் கதவு இருந்தால் நல்லது.

புறப்பட ஒரு மாதம்

விசா. வருகைத் தேதிக்கு 30 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கச் சொல்கிறது சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறை. அதற்கு முன் அவசரப்பட்டுப் பயனில்லை. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். தூதரகத் தளத்தில் முகவர் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் உள்ளவரிடம் மட்டும் பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள். கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. முகவரின் சேவைக் கட்டணம் தனி.

கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனியாக 14ஏ படிவம். புகைப்படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி, கடந்த 3 மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டூடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் நீலப் பின்னணியோடு கொடுத்துவிடுவார்கள். அளவை எழுதிக் காட்டுங்கள். விபூதி, குங்குமம் நெற்றியில் இருப்பதைவிட முகத்தில் விழும் நிழல்தான் படம் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம்.

விசா மின்னஞ்சலில் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்து ஒப்பிடுங்கள். தவறைத் திருத்த அன்றைக்கு நேரம் இருக்கும், விமான நிலையத்தில் இருக்காது.

இந்த வாரமே பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். தாத்தாவின் சர்க்கரை, பாட்டியின் ரத்த அழுத்தம் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடுகிறதே என்று மறைத்தால் அங்கே மருத்துவமனைச் செலவு வரும்போது கோரிக்கை தள்ளுபடியாக அதுவே காரணமாகும். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதியுங்கள். நன்றாக நடப்பவர்களுக்குக்கூடச் சாங்கி விமான நிலையத்தின் நீளம் அதிகம்.

புறப்பட இரண்டு வாரம்

பணம். அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் அந்த சிம்மில் ரோமிங் செயல்பட வேண்டும். அங்கே வாங்கும் சிம் இணையத்துக்கு, இந்திய சிம் ஓடிபிக்கு என்று இரண்டும் ஒரே போனில் இருப்பது வசதி. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் அட்டைக்கு பான், பாஸ்போர்ட், டிக்கெட் நகல் கேட்பார்கள். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகலாம்.

அங்கே கடையில் அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ‘ரூபாயா, சிங்கப்பூர் டாலரா’ என்று கேட்கும். ரூபாயில் பார்த்தால் கணக்குச் சுலபமாகத் தோன்றும், ஆனால் அந்த மாற்று விகிதத்தில் கடையின் வங்கி தன் பங்கைச் சேர்த்திருக்கும். எப்போதும் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். யுபிஐ சில இடங்களில் செல்லும் என்றாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

புறப்பட மூன்று நாள்

இன்று முதல் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணைய வருகைப் படிவத்தை நிரப்பலாம். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், குடும்பம் முழுவதற்கும் சேர்த்தே நிரப்பலாம். இதற்குக் கட்டணமே கிடையாது. தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் பணம் கேட்கும், அவை அரசுத் தளங்கள் அல்ல. பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்தையும் ஆங்கில ‘ஓ’வையும் குழப்பாதீர்கள்.

பெட்டி கட்டும்போது நம் சமையலறைப் பொருள்களில்தான் சிக்கல் வரும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், நெய் எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். பொடிகள் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும், ஊறுகாயும் நெய்யும் 100 மி.லி. விதியில் அடிபடும். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கு. கசகசாவையும் அது சேர்ந்த மசாலாவையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் கடுமையானது, கசகசாவும் அதன் பார்வையில் வருகிறது. தாத்தாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சூயிங் கம், மின் சிகரெட் இரண்டும் அப்படியே. இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம்.

மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை வகைகள் சிலவற்றுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவை. மருந்தின் வேதிப்பெயரை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி, 100 வாட்-மணி வரம்புக்குள்தான். சிங்கப்பூர் பிளக்குகளுக்கு மூன்று செவ்வகக் கால்கள், நம்முடையது நுழையாது. இரண்டு அடாப்டரும் வீட்டிலுள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் போதும், ஆறு பேரின் போனும் சார்ஜ் ஆகிவிடும்.

தங்கத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் நகைச் சலுகை. சில நாள் சுற்றுலாவுக்கு அது கிடையாது. பாட்டி எட்டு வளையலோடு போய் எட்டு வளையலோடு திரும்பினாலும், அவை இங்கிருந்து போனவை என்று காட்ட ஆதாரம் கேட்கலாம். கனமான நகை போட்டுப் போவதானால் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். அதைவிட நல்லது, தாலியும் தோடும் போதும் என்று முடிவு செய்து மற்றதை லாக்கரில் வைப்பது.

புறப்படும் நாள்

வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து போகின்றன. அல்சூரிலிருந்து தூரம் பெரிதில்லை, ஹெப்பாள்தான் தடை. இரவு விமானம் என்றால் சாயங்கால நெரிசலிலேயே அதைக் கடக்க வேண்டியிருக்கும், எனவே விமான நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்டுங்கள். ஆறு பெட்டி இருந்தால் ஒரே பெரிய வண்டி, அல்லது பெரியவர்களுக்கு டாக்ஸி, இளையவர்களுக்கு வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பஸ்.

குடிநுழைவு வரிசையில் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று கேட்பார்கள். தாத்தா, பாட்டி கையிலும் ஓட்டல் முகவரி எழுதிய தாள் இருக்கட்டும். பறக்கும் நேரம் சுமார் நாலரை மணி. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இரவு 11 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே காலை 6, பிள்ளைகளுக்கு உடம்புக் கணக்கில் நடுநிசி தாண்டி மூன்றரை. இதை நினைவில் வைத்துத்தான் நாளைய நாளைப் போட வேண்டும்.

முதல் நாள்

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வரும், வந்ததா என்று அன்றே பாருங்கள்.

ஓட்டல் அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். காலை 6 மணிக்கு இறங்கியவர்கள் நேராக ஓட்டலுக்குப் போய்ப் பெட்டிகளை வைத்துவிட்டு, கோமள விலாஸில் டிபன் சாப்பிடலாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கடை. முதல் நாளில் டிக்கெட் வாங்கிய எந்த நிகழ்ச்சியும் வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து வர இரண்டு வழி. எம்ஆர்டி மலிவு, ஆனால் மாற வேண்டும், பெட்டிகளோடு பெரியவர்களுக்குச் சிரமம். சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். ஆறு பேர் வண்டியைக் கேளுங்கள், அல்லது இரண்டாகப் பிரியுங்கள். ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும்: 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. செயலியில் அழைக்கும் தனியார் காருக்கு விலக்கில்லை. சிறு பிள்ளைகளைப் பார்த்ததும் ஓட்டுநர் மறுப்பது இதனால்தான், அவர் மீது கோபப்படாதீர்கள்.

ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. விசா, மாஸ்டர்கார்டு தொடா-அட்டையை வாசலில் காட்டினால் போதும், வெளிநாட்டு அட்டைக்கு பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர் காசு கூடுதல். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒன்றை வைத்து இருவர் போக முடியாது. அட்டை இல்லாத தாத்தா, பாட்டிக்கு ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்குங்கள். பெரியவரோடு வரும் 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமில்லை. ரயிலில் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், காலிப் பாட்டில்களை எடுத்துப் போங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் ஓய்வு. சாயங்காலம் 4 மணிக்குப் பேஃபிரண்ட். கார்டன்ஸ் பை த பே பூங்காவின் கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்துக்குள் 35 மீட்டர் அருவி, உள்ளே குளிர், பாட்டிக்கு சால்வை. வெளியே சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்களின் கீழ் நடக்கக் காசில்லை. 7:45-க்கும் 8:45-க்கும் ஒளி-இசைக் காட்சி, அதுவும் இலவசம். 7:45 காட்சியைப் பாருங்கள். அடுத்ததுக்குக் காத்திருந்தால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள்

மண்டாய். விலங்குப் பூங்கா, நைட் சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், பறவைப் பூங்கா எல்லாம் அங்கேதான். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதுக்கு வாங்கும் டிக்கெட் வீணாவதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு நிறுத்தம் நியூட்டன், அங்கே வடக்கு-தெற்குத் தடத்துக்கு மாறி ஏழாவது நிறுத்தம் காத்திப், பிறகு ஷட்டில் பஸ். நைட் சஃபாரிக்கு நேரம் குறித்து முன்பதிவு வேண்டும். திரும்பும் கடைசி ஷட்டில் எப்போது என்று நுழையும்போதே பாருங்கள்.

நான்காம் நாள்

சென்டோசா. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டியின் மூன்றாம் தளத்திலிருந்து சென்டோசா எக்ஸ்பிரஸ் 4 வெள்ளி, திரும்பி வரக் காசில்லை. யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குப் போவதானால் வீட்டிலேயே பிள்ளைகளின் உயரத்தை அளந்து வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., மம்மி சவாரிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. வாசலில் அளந்து திருப்பி அனுப்பும்போது பிள்ளையின் முகம் வாடுவதைத் தவிர்க்கலாம். தாத்தா, பாட்டிக்கு அந்த டிக்கெட்டே வேண்டாம். கடற்கரை, தீவுக்குள் ஓடும் இலவசப் பஸ், கேபிள் கார் என்று அவர்கள் நாள் தனியாக நன்றாகவே போகும்.

ஐந்தாம் நாள்

காலை 8 மணிக்கு சைனாடவுன் நிலையம், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில். 1827-இல் நாராயண பிள்ளை நிறுவியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோவில், பிறகு கடை. வீரமாகாளியம்மன் கோவில் சிராங்கூன் சாலையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் தொழிலாளர்களுக்கு விடுமுறைக் கூட்டம், சக்கர நாற்காலியோடு போவது கடினம்.

விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே ஏறும். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும், விட்டுப் போனால் அபராதம் வரலாம்.

லிட்டில் இந்தியாவின் பெரிய கடையான முஸ்தபாவில் வாங்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி திரும்பப் பெறலாம். குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும், ஒரே கடையில் அதே நாள் வாங்கிய மூன்று ரசீது வரை சேர்க்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். பொருள் செக்-இன் பெட்டியில் போவதானால், பெட்டியைக் கொடுக்கும் முன்பே சாங்கியில் திரும்பப்பெறும் இயந்திரத்துக்குப் போங்கள். சுங்கத்தார் பொருளைக் காட்டச் சொன்னால் அது அப்போது கையில் இருக்க வேண்டும். இதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பெங்களூரில் இறங்கியதும், வாங்கியவை சலுகை வரம்பைத் தாண்டியிருந்தால் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரியைக் கட்டுங்கள், பச்சை வழியில் பிடிபட்டால் அபராதமும் சேரும். ஏற்றுமதிச் சான்று வாங்கியிருந்தால் இப்போது பாட்டியின் கையில் இருக்கட்டும். விசா அச்சுப் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். அது பலமுறை நுழையும் வகையாக இருந்து, தேதியும் மீதமிருந்தால் அடுத்த முறை ஆறு பேரின் விசாக் கட்டணமும் மிச்சம்.